மைக்கண்ணனின் பத்தியம்

தன் தொண்டையை மைக்கண்ணனைப் போல மதித்த மனிதர் திருச்சுழி வட்டாரத்தில் இன்னொருவர் பிறக்கவில்லை. தன் நுரையீரலை அவரைப் போல அவமதித்தவரும் கிடையாது. ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு அருப்புக்கோட்டையிலிருந்து நரிக்குடி வரைக்கும் அறிவிப்புச் செய்வது அவர் தொழில். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, பங்குனிப் பொங்கல், காணாமல் போன கிடாய், எல்லாவற்றுக்கும் அதே வெண்கலக் குரல். மைக் அண்ணன் என்று ஊர் கூப்பிட்டதுதான் மைக்கண்ணன் ஆனது. பதிவு செய்து ஓடவிடலாமே என்றால், "டப்பாவுல அடைச்ச கொரலுக்கு எவன்யா திரும்பிப் பாப்பான்?" என்பார். அவருக்கு ஆஸ்துமா. எனக்குத் திருச்சுழியில் மெடிக்கல் ஷாப். பழக்கம் அப்படித்தான் ஆரம்பித்தது.

டாக்டர் முதலில் கொடுத்தது நீலப் பம்பு, வாயில் வைத்து இழுக்கும் இன்ஹேலர். இறுகிப்போன மூச்சுக்குழாயைச் சட்டென்று தளர்த்திவிடும். கூடவே கொஞ்ச நேரம் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். பாலவனத்தத்தில் ஒரு சாவு வீட்டில், பம்பை அழுத்தி இழுத்துவிட்டு மைக்கைப் பிடித்தார். கை கிடுகிடுவென்று ஆடியது. இறந்தவரின் மூத்த மகன் அதைப் பார்த்துவிட்டு, "நம்மய்யாவுக்காக அவுக எப்படிப் பதறுறாக பாரு. நீயுந்தான் இருக்கியே!" என்று தன் தம்பியிடம் சண்டைக்குப் போய்விட்டார். மைக்கண்ணன், நடுக்கம் நின்ற பிறகும் மரியாதைக்காகக் கொஞ்ச நேரம் நடுங்கிக்கொண்டிருந்தார்.

ஒரு பருத்தி சீசனில் தூசி ஒத்துக்கொள்ளாமல் இழுப்பு முற்றியது. டாக்டர் சில நாட்களுக்கு மட்டும் ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார். நெஞ்சுக்குள் இருக்கும் வீக்கத்தை வேகமாக அடக்கும் மருந்து. ஆனால் பசியைக் கிளப்பும், தூக்கத்தைக் கெடுக்கும், சர்க்கரையை ஏற்றும், நாள்பட்டால் முகம் ஊதும். நம்மவர் பழைய சீட்டைக் காட்டி வேறெங்கோ வாங்கி வாங்கி விழுங்கியிருக்கிறார். முகம் பணியாரமாக உப்பிவிட்டது. அவர் சம்சாரம், எங்கள் மதினிக்குப் பெருமை தாங்கவில்லை. "இப்பத்தான் தம்பி அவுக மொகத்துல களையே வந்திருக்கு!" என்றார். சர்க்கரையைப் பார்த்துவிட்டு டாக்டர் திட்டியது தெருமுனை வரை மைக் இல்லாமலே கேட்டது. மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்.

அப்புறம் வந்ததுதான் ஆரஞ்சுப் பம்பு. இழுத்த உடனே ஒன்றும் தெரியாது. தினமும் இழுத்தால் உள்வீக்கம் மெல்ல வடிந்து, இழுப்பு வராமல் காக்கும். மருந்து வாயில் தங்கினால் வெள்ளை படரும், குரல் கம்மும். அதனால் இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். டாக்டரும் சொன்னார், நானும் சொன்னேன்.

"துப்பணுமா? மருந்தையா?"

"நெஞ்சுக்குப் போறது போயிரும்ணே. வாயில ஒட்டுனதத்தான் துப்பச் சொல்றேன்."

"சரி தம்பி, சரி."

'ஒனக்கு என்ன தெரியும்' என்பதைத்தான் அவர் அப்படிச் சொல்வார். மஞ்சள் காமாலைக்கு நாட்டு மருந்து தின்று பிழைத்தவர். மருந்து உள்ளே போனால் ஒரு பொழுதுக்கு வாயில் பச்சைத் தண்ணீர் படக்கூடாது என்பது அந்த வைத்தியத்தில் சட்டம். அதே சட்டத்தைப் பம்புக்கும் போட்டுவிட்டார். புளி இல்லை, கத்தரிக்காய் இல்லை, கருவாடு இல்லை. இழுத்ததும் வாயை இறுக மூடிக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்திருப்பார். யாராவது வணக்கம் சொன்னால் புருவத்தால் பதில் வரும். இத்தனை பக்தியோடு அந்தப் பம்பை உலகத்தில் யாரும் இழுத்திருக்க மாட்டார்கள். ஒரு வாய்த் தண்ணீரைத்தான் தொடவில்லை.

நாக்கில் வெள்ளை படர்ந்தது. குரல் கம்மிப்போனது. நரிக்குடியில் தொலைந்த கிடாய்க்காக அவர் கரகரத்துக்கொண்டு போனபோது, கிடாய்க்குச் சொந்தக்காரரே வழிமறித்து, "அண்ணே, நீங்க எதையாச்சும் தொலச்சுப்புட்டீகளா?" என்று கேட்டாராம். ஊரே சிரித்தது. மைக்கண்ணன் நேராக என் கடைக்கு வந்து பம்பை மேஜையில் வைத்தார்.

"இது வேணாம் தம்பி. கொரலு போனா நான் ஆருய்யா? நீலமே போதும்."

நீலம் மூச்சைத் திறக்கும், வீக்கத்தை ஆற்றாது என்று தொண்டை வறளச் சொன்னேன். மதினி அழுது பார்த்தார். மனிதர் மசியவில்லை. போதாக்குறைக்குக் குரலும் திரும்பிவிட்டது, பழைய வெண்கலமாகவே. ஆட்டோ தெருவில் போகும்போது கேட்க எனக்கே சந்தோஷமாக இருந்தது, அதுதான் கொடுமை. நீலப் பம்புகள் மளமளவென்று தீர்ந்துகொண்டிருந்தன.

பங்குனிப் பொங்கல் அறிவிப்பின் நடுவே, பாதிப் பேச்சில் ஸ்பீக்கர் நின்றது. மூச்சு முட்டிச் சரிந்தவரை அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். முகமூடி வழியாக மருந்துப் புகை கொடுத்து இழுப்பைத் தணித்தார்கள். தெளிந்ததும் நர்ஸம்மா ஆரஞ்சுப் பம்பை இழுக்கவைத்து, தண்ணீர் டம்ளரை நீட்டினார். "கொப்பளிச்சுத் துப்புங்கய்யா." மைக்கண்ணன் என்னைப் பார்த்தார். தலையாட்டினேன். துப்பினார். தினமும் அப்படியே செய்தார். நாக்கில் வெள்ளை இல்லை, குரலும் கம்மவில்லை. ஒரு நாள் மெதுவாகக் கேட்டார்:

"அப்ப ரெண்டுமே இருந்திருக்குமா தம்பி? மூச்சும், கொரலும்?"

"இருக்கும்ணே. இனிமே ரெண்டும் இருக்கும்."

வீட்டுக்குப் போன சில நாளில் மறுபடியும் இழுப்பு வந்தது. இந்த முறை எந்த மருந்துக்கும் அது அடங்கவில்லை. மூச்சுத்தான் அடங்கியது.

இப்போதெல்லாம் ஆரஞ்சுப் பம்பு வாங்க வருகிறவர்களைக் கடை வாசலிலேயே இழுக்கவைத்து, தண்ணீர் கொடுத்து, துப்பவைத்துத்தான் அனுப்புகிறேன். மழையே எட்டிப்பார்க்காத ஊரில் என் வாசல் மட்டும் நசநசவென்று கிடக்கிறது. வீட்டுக்காரி சண்டை போடுகிறாள். போடட்டும். எனக்கு அந்த மனுஷனை அவ்வளவு பிடிக்கும்.