பன்னிரண்டு மொட்டைத் தொட்டிகள்

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையை யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். உப்பே போடாத குழம்பை அவன் "உப்பு ஜாஸ்தி" என்றால், "ஆமாங்க" என்று எடுத்துப்போய்த் தண்ணீர் ஊற்றிக் கொண்டுவருவார்கள். இந்த மரியாதைதான் என்னைக் கெடுத்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் கோயமுத்தூரில் ஒரு பழத்தோட்ட ஆராய்ச்சி ஆபீஸில் குமாஸ்தா. எந்த நாட்டுச்செடியின் வேரில் எந்த மாங்கிளையை ஒட்டினால் மரம் குட்டையாகும், எதில் சீக்கிரம் காய்க்கும் என்று அதிகாரிகள் எழுதுவதை அழகான கையெழுத்தில் நகலெடுப்பது என் வேலை. (கத்தியைத் தொட்டதே இல்லை. பென்சில் சீவவும் பியூன் உண்டு.) கல்யாணமான புதிதில், "மாப்ள ஒட்டு ஆராய்ச்சி பண்றாருங்க" என்று மாமனார் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். நான் மறுக்கவில்லை.

சூலூருக்குப் பக்கத்தில் அவர் தோட்டத்தில் ஒரு மாமரம். பழம் அப்படி இனிக்கும். ஆனால் அடிமரத்தில் பொந்து விழுந்து, வரும் ஆடிக்காற்றைத் தாங்குமா என்ற நிலை. கொட்டை போட்டு முளைத்தால் தாயின் ருசி வருமென்று நிச்சயமில்லை. அதனால் மாமனார் புளிப்பு நாட்டு மாங்கொட்டைகளைத் தொட்டிகளில் முளைக்கவைத்தார். மரத்தைச் சுற்றிப் பரண் போட்டுப் பன்னிரண்டு தொட்டிகளை ஏற்றினார். ஒவ்வொரு செடியின் தண்டையும் ஒரு கிளையையும் பட்டை சீவிச் சேர்த்துக் கட்டினார். மூன்று மாதத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டன. இனி இனிப்புக் கிளை தொட்டிச் செடியின் வேரில் நிற்கும்படி வெட்டிப் பிரிக்க வேண்டியதுதான். புதுத் தோட்டத்தில் பன்னிரண்டு குழிகள் தயார்.

"மாப்ள கையால வெட்டுனா நல்லாருக்குமுங்க" என்றார்.

'செடியில் கீழ்ப்பாகம், கிளையில் மேல்பாகம்.' நூறு தடவை நகலெடுத்த வாசகம், அட்சரம் பிசகாமல் நினைவிருந்தது. அவை வெட்ட வேண்டிய பாகங்களா, விட்டுவைக்க வேண்டிய பாகங்களா என்பதுதான் மறந்துவிட்டது. (விட்டுவைக்க வேண்டியவை. இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.)

முதலில், ஒட்டுக்கு மேலே பன்னிரண்டு கிளைகளின் நுனியையும் சீவித் தள்ளினேன். தோட்டத்து ஆள் குப்பன் தொண்டையைக் கனைத்தார்.

"ஏனுங்க, அந்தப் பக்கமுங்களா வெட்டறது?"

"ஆபீஸ்ல இப்படித்தானுங்க."

"சரிங்க. படிச்சவிங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்."

மாமனார் பரண் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்து, முதல் செடியை ஒட்டுக்குக் கீழே வெட்டித் தொட்டியை இறக்கினேன். அதில் ஒரு சாண் குச்சி நின்றது, பேருக்கு ஓர் இலைகூட இல்லை. அண்ணாந்து பார்த்தேன். புளிப்புச் செடியின் தலை இனிப்பு மரத்தின் கிளையில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. தலைகீழாக வெட்டிவிட்டேன் என்று புரிந்தது. அப்போதாவது ஒப்புக்கொண்டிருக்கலாம். நிறுத்தினால் குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று மிச்சம் பதினொன்றையும் வெட்டித் தீர்த்தேன்.

"துளிர்க்குமுங்க மாமா" என்றேன்.

"ஆமாங்க மாப்ள, துளிர்க்கும்" என்றார். அந்த மொட்டைத் தொட்டிகளைக் கொண்டுபோய்க் குழிகளில் நட்டுத் தண்ணீரும் ஊற்றினார்.

வண்டியில் திரும்பும்போதுதான் என் மனைவி வள்ளி வாயைத் திறந்தாள். "காய்ச்சல்லகூட எங்கப்பன் பரண் ஏறித் தண்ணி ஊத்துனாருங்க. தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னங்க கொறஞ்சுபோயிருக்கும்?" அந்த மனிதர் "ஆமாங்க மாப்ள" என்றதை நினைத்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

துளிர்க்கத்தான் துளிர்த்தன. பன்னிரண்டும் அசல் புளிப்பு. நல்லவேளையாக மரம் அந்த ஆடியைத் தாங்கியது. மறுவருஷம் மாமனார் திரும்பவும் ஒட்டுக் கட்டினார். பிரிக்கும் நாளுக்கு வரச்சொல்லி எனக்கு மரியாதையாகக் கடிதம் போட்டார், எல்லாம் வெட்டி முடித்த மறுநாள் என் கையில் கிடைக்கும்படி.

எங்கள் குடும்பத்தில் இன்றும் எந்தப் பெண்ணுக்கு வரன் வந்தாலும் ஒரு கேள்வி உண்டு. என் மகளைப் பார்க்க மேட்டுப்பாளையத்திலிருந்து பையன் வந்தபோது மாமனார்தான் அதை ஆரம்பித்துவைத்தார். படிப்பு, உத்தியோகம், தோட்டம் எல்லாம் நான் துருவித் துருவி விசாரித்து முடிக்கும்வரை பொறுமையாக இருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"ஏனுங்க தம்பி, மாமரத்துக்கு ஒட்டு வெட்டத் தெரியுங்களா?"

பையன் விழித்தான். "தெரியாதுங்க."

"வெத்தலபாக்கு மாத்திக்கலாமுங்க" என்றார் மாமனார்.