நம் ரியலினின் ஃப்ளெக்ஸ் பையாகிப்போன விவரம்

மலபோன்,
செவ்வாய்க்கிழமை, விடாத மழை.

அன்புத் தங்கச்சி மெடிக்கு,

உன் அண்ணன் எமோங் தலையைக் குனிந்துகொண்டு எழுதுவது. இங்கே நான், உன் அண்ணி பூரிட்டா, உன் மகள் ரியலின், என் சேவல் எல்லோரும் உடம்பளவில் சௌக்கியம். ஹாங்காங்கில் உன் முதலாளியம்மா, அவர்கள் வீட்டு இரட்டைப் பிள்ளைகள், உன் கணுக்காலைக் கடித்த அந்த நாய் எல்லோரும் சுகமாக இருக்கவேண்டும் என்று நம் புனித பர்த்தலோமேயுவை வேண்டிக்கொள்கிறேன். நாய்க்காகவும் அண்ணன் வேண்டிக்கொள்கிறான் என்றால் ஏதோ பெரிய தப்பு நடந்திருக்கிறது என்று இந்நேரம் நீ ஊகித்திருப்பாய். ஊகம் சரிதான்.

தினமும் வீடியோவில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் காகிதம் என்று கேட்பாய். வீடியோவில் என் முகம் தெரியும், அதனால்தான். சின்ன வயதில் அம்மாவின் சர்க்கரை டப்பாவைக் காலி செய்துவிட்டு நான் வாயைத் திறக்குமுன்பே நீ கண்டுபிடித்துவிடுவாயே, அந்த மூஞ்சியை இப்போது காட்ட எனக்குத் தைரியமில்லை. பக்கத்து வீட்டு டெஸ் லீவு முடிந்து நாளைக்கு ஹாங்காங் திரும்புகிறாள். கருவாட்டுப் பொட்டலத்தோடு இதையும் அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். முதலில் கருவாட்டை வறுத்துச் சாப்பிடு. வயிறு நிறைந்த பிறகு படி.

விஷயம் இதுதான். நம் சந்து முனையில், மின்கம்பத்துக்கும் பேக்கரிக்கும் நடுவே, நீ பணம் அனுப்பி வைக்கச் சொன்ன ஃப்ளெக்ஸ் இப்போது அங்கே இல்லை. "நர்ஸ் தேர்வில் வெற்றி பெற்ற எங்கள் செல்ல மகள் ரியலினுக்கு வாழ்த்துகள், பெருமையுடன் அம்மா" என்று போட்டு, வெள்ளைத் தொப்பியோடு அவள் சிரிக்கிற படமும் போட்டு, யாரும் அழைக்காமலே வந்து மூலையில் குந்திக்கொண்ட கவுன்சிலரின் படமும் சேர்ந்த அதே ஃப்ளெக்ஸ். அது பையாகிவிட்டது. ஒரு பை அல்ல, பல பைகள். நீ ஞாயிற்றுக்கிழமை தோறும் பார்க்கில் உன் தோழிகளுக்கெல்லாம் போனில் அந்தப் படத்தைக் காட்டுகிறாய் என்று டெஸ் சொன்னபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

பூரிட்டாவின் பை சங்கத்தைப் பற்றி உனக்குத் தெரியும், ஆனால் நீ போனபிறகு அது எவ்வளவு வளர்ந்துவிட்டது என்று தெரியாது. ஓடையோரத்தில் ஊருக்கெல்லாம் பூண்டு உரித்து, நகக்கண் எரிய உட்கார்ந்திருந்த பெண்கள் இப்போது மெஷின் மிதிக்கிறார்கள். தேர்தல் முடிந்த மறுநாள் சவாரியை விட்டுவிட்டு நான் என் ஜீப்னி வண்டியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய் ஃப்ளெக்ஸ்களை இறக்கி வருவேன். தோற்றவன் எடுக்கமாட்டான், வெட்கம். ஜெயித்தவனும் எடுக்கமாட்டான், திமிர். இரண்டும் நமக்கு லாபம். சோப்புத்தூள் போட்டுத் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவி, காயவைத்து, முகம் தரையில் படும்படி குப்புறப் போட்டு, வெள்ளைப் பின்பக்கத்தில் அட்டையை வைத்து அளவு வரைந்து வெட்டுவார்கள். தைக்கும்போது முகம் பைக்கு உள்பக்கம் போய்விடும். அரசியல்வாதியை யார் தோளில் மாட்டிக்கொண்டு போவார்கள்? கைப்பிடிக்குப் பழைய கார்களின் சீட் பெல்ட். போன மாதம் ஒரு அம்மாள் கோவிலில் காணிக்கை எடுக்கப் பையைத் திறந்தாள். உள்ளேயிருந்து துணை மேயர் வேட்பாளர் பல்லைக் காட்ட, அவள் சிலுவை போட்டுக்கொண்டாளாம்.

சங்கத்தில் ஒரே ஒரு கண்டிப்பு. செத்தவர்கள் முகத்தையும் பாஸானவர்கள் முகத்தையும் கத்தரிக்கோல் தொடக்கூடாது. இரங்கல் ஃப்ளெக்ஸும் வாழ்த்து ஃப்ளெக்ஸும் குப்பையில் வந்தால்கூடச் சுருட்டி அந்தந்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவோம். அதனால்தான் ஊரில் எல்லோரும் நம்பித் தருகிறார்கள். அந்தச் சங்கத்தின் தலைவி வீட்டிலேயே இந்த அநியாயம் நடந்தது என்பதுதான் என்னைத் தின்கிறது.

போன வாரம் அடித்த காற்றுமழையில் ரியலின் ஃப்ளெக்ஸின் ஒரு மூலை அவிழ்ந்துவிட்டது. பேக்கரிக்கார டோரோ ஆளனுப்பாமல் தானே மாவுக் கையோடு ஓடிவந்தான். "எமோங், உன் மருமக என் கடைக்கு வர்றவங்களையெல்லாம் கன்னத்துல அறையறாப்பா. வந்து கட்டு." நான் ஜீப்னியைப் பின்னால் எடுத்து நிறுத்தி அதன் கூரையில் ஏறினேன். கூரை ஈரம், செருப்பு தேய்ந்தது, எனக்கு வயிறு பெரியது. ஃப்ளெக்ஸைப் பிடித்தேன், அது என்னைப் பிடித்தது, இருவரும் சேர்ந்து கீழே, நம் சங்கத்துச் சாரிங் அக்கா விற்பனைக்கு வைத்திருந்த இறால் விழுது வாளிக்குள்ளே. "ஐயோ என் இறாலு!" என்று கத்தினாளே தவிர, "ஐயோ எமோங்" என்று ஒரு வார்த்தை வரவில்லை. நான் எழுந்தபோது தெருப் பூனைகள் எல்லாம் என்னைச் சொந்தம் கொண்டாடின. உன் மகளின் படத்திலும் வெள்ளைத் தொப்பியிலிருந்து தாடை வரை இறால் விழுது. அப்படியே திரும்பக் கட்டினால் கம்பத்தில் பூனை ஏறும், பூனை ஏறினால் கரண்ட் போகும், கரண்ட் போனால் சந்தே என்னைத் திட்டும் என்று யோசித்து, கழுவிவிட்டுக் கட்டலாம் என்று வீட்டுக்குக் கொண்டுவந்து முற்றத்தில் போட்டேன். போட்ட இடம்தான் தப்பு. பக்கத்திலேயே தோற்றுப்போன வேட்பாளர்கள் குவியல்.

நான் குளிக்கப் போனேன். ஒரு சோப்புக்கட்டி கரைந்தும் நாற்றம் போகவில்லை. அந்த நேரம் பார்த்து ஹோட்டலிலிருந்து பூரிட்டாவுக்குப் போன்: பல் டாக்டர்கள் மாநாட்டுக்குச் சொன்ன பைகள் சாயங்காலமே வேண்டுமாம். பெண்கள் குவியலை அள்ளினார்கள், கழுவினார்கள், குப்புறப் போட்டார்கள், வெட்டினார்கள். வெள்ளைப் பின்பக்கத்தில் யார் நர்ஸ், யார் வேட்பாளர் என்று எழுதியா ஒட்டியிருக்கிறது? தைத்து முடித்த பைக்குள் கையை விட்டு மூலையை நிமிர்த்தும்போதுதான் சாரிங் அக்கா எட்டிப் பார்த்தாள்.

"பூரிட்டா, இந்தப் பல்லு நம்ம ரியலின் பல்லு மாதிரி இருக்குடி."

"எல்லா வேட்பாளருக்கும் பல்லு இருக்கு. பேசாம தையி."

"எந்த வேட்பாளருக்குடி இவ்வளவு வரிசையா இருக்கு?"

நீ பணம் அனுப்பிக் கம்பி கட்டி நேராக்கிய பல், மெடி. அது ஒரு பையில். நெற்றி வேறொரு பையில். "பெருமையுடன் அம்மா" என்பதில் அம்மா ஒரு பக்கம், பெருமை ஒரு பக்கம். கவுன்சிலர் மட்டும் ஒரு கீறல் படாமல் பெரிய பையில் முழுசாக இருந்தார். அதற்குள் ஹோட்டல் வேன் வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. உன் மகளின் சிரிப்பு எந்தப் பல் டாக்டர் வீட்டில் வெங்காயம் சுமக்கிறதோ, நினைத்தால் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஆகஸ்ட் திருவிழாவுக்கு வரும்போது சந்து முனையில் இறங்கி, அந்த ஃப்ளெக்ஸுக்குக் கீழே நின்று மகளோடு படம் எடுத்துக்கொள்வேன் என்று சொல்லியிருந்தாய். அதற்காகப் புது உடுப்பு வாங்கி வைத்திருப்பதாகவும் சொன்னாய். நீ வந்து வெறும் கம்பத்தைப் பார்க்கக்கூடாதே என்றுதான் முன்கூட்டியே எழுதுகிறேன். இன்னொன்று அடித்து மாட்டலாம் என்று மட்டும் தயவுசெய்து பணம் அனுப்பிவிடாதே. பிரிண்ட் கடையில் மெஷின் ரிப்பேர். மையும் கிடைக்கவில்லையாம். கிடைத்தாலும் இது மழைக்காலம். மழை விட்டாலும் கம்பத்தை மாற்றப்போகிறார்களாம். ரியலினும் வேண்டாம் என்கிறாள். தப்பு முழுக்க என்னுடையது, கொஞ்சம் பூரிட்டாவின் கத்தரிக்கோலுடையது, குழந்தைக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை.

கடவுள் உன் முழங்கால் வலியைக் குறைக்கட்டும். முதலாளியம்மா மனம் இளகி லீவை நீட்டித்துத் தரட்டும். டெஸ்ஸுக்கு ஒரு நல்ல சாப்பாடு போடு, பாவம், இந்தக் கருவாட்டு வாசனையோடு விமானத்தில் உட்கார்ந்து வருகிறாள். 

மன்னிக்கவேண்டும் என்று கேட்கத் தகுதியில்லாத,
உன் அண்ணன்,
எமோங்.

பி.கு.: மெடி, மேலே உள்ளதில் மழை நிஜம், டோரோ நிஜம், இறால் விழுது நிஜம். மற்றது பொய்.

மடித்து உறையில் போடுவதற்குள் பூரிட்டா பிடுங்கிக்கொண்டாள். மெஷின்களை நிறுத்தச் சொல்லி, சங்கத்துக்கே கேட்கும்படி சத்தமாகப் படித்தாள். இறால் விழுது இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள், சாரிங் அக்கா மட்டும் வாளிக்கு யார் பதில் சொல்வது என்றாள். கடைசியில் பூரிட்டா காகிதத்தால் என் தலையில் அடித்தாள். "என் கத்தரிக்கோல் மேலயா பழி போடற? பாஸான புள்ள முகத்தைப் பாக்காம வெட்டிட்டோம்னு வெளிய தெரிஞ்சா, நாளைக்கு எந்த வீட்டுல எங்களை நம்பி ஃப்ளெக்ஸ் தருவாங்க? நீ சொன்ன பொய்க்கு நாங்க ஏன்யா பட்டினி கிடக்கணும்?" ரியலின் மூலை மெஷினில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ரியலின் பாஸாகவில்லை, மெடி. அவள் உன்னிடம் பொய் சொல்லவில்லை. சொன்னது நான்.

ரிசல்ட் வந்த அன்றைக்கு அவள் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். அவள் போன் அடித்தது, நீதான். நான் எடுத்தேன். "அண்ணா, பாஸா?" என்று கேட்டாய். பின்னால் அந்த நாய் குரைத்தது, நீ மூச்சு வாங்கினாய். அந்த நாய்க்குப் பின்னால் நடந்து அது போட்டதை அள்ளிக்கொண்டுதான் கேட்கிறாய் என்று தெரிந்தது. என் வாய் "பாஸ்" என்று சொல்லிவிட்டது. அப்புறம் நீ அழுத அழுகையைக் கேட்டபிறகு சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள எனக்குத் தெம்பில்லை. அவள் வெளியே வந்ததும் சொன்னேன். "ஏன் மாமா சொன்னீங்க?" என்றாள். "உங்கம்மா அழுதுடுவாளேன்னு." "இப்பவும் அழுதாங்கல்ல?" அவ்வளவுதான், அப்புறம் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நான் இழுத்துக்கொண்டிருந்தேன், அதற்குள் ஃப்ளெக்ஸுக்குப் பணம் வந்துவிட்டது. 

அதைக் கட்டிய நாளிலிருந்து அவள் சந்து முனை வழியே போவதில்லை. ஓடையோரச் சேற்றில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போவாள். தெருவே அவளை நர்ஸம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு பிரஷர் பார்க்க வந்தது, புண்ணைக் காட்ட வந்தது. வந்தவர்களிடமெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்பிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நான் சேவலுக்குத் தீனி போட்டேன். என்னைப் போல ஒரு கோழை நம் குடும்பத்தில் இதுவரை பிறந்ததில்லை.

இறால் விழுதோடு நான் வந்து நின்ற அன்றைக்கு அவளே ஃப்ளெக்ஸை வாங்கிக் கழுவினாள். கத்தரிக்கோலை எடுத்தாள். பூரிட்டா தடுத்தாள். "செத்தவங்களையும் பாஸானவங்களையும்தான வெட்டக்கூடாது, அத்தை? நான் ரெண்டும் இல்ல" என்றாள். அப்போதுதான் பூரிட்டாவுக்கே விஷயம் தெரியும். அவள் குப்புறப் போடவில்லை, முகத்தைப் பார்த்தே வெட்டினாள். சுருங்காமல் இருக்க மறுமுனையை இழுத்துப் பிடித்தது நான். அதில் வந்த பைகள் எந்த ஹோட்டலுக்கும் போகவில்லை. ஒன்றில் அவள் நவம்பர் தேர்வுக்குப் படிக்கிற புத்தகங்களைப் போட்டுக்கொண்டு போகிறாள்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதுகிறேன் என்றேன். அவள்தான் விடவில்லை. "அப்படியே அனுப்புங்க மாமா. நீங்க எவ்வளவு ஜோரா பொய் சொல்வீங்கன்னு அம்மாவும் பாக்கட்டும். கீழ உண்மையையும் எழுதிடுங்க. மிச்சத்தை நான் பேசிக்கறேன்." 

படித்ததும் போன் செய்வாய். அவளே எடுப்பாள். அவளைத் திட்டாதே, சாப்பிட்டாயா என்று மட்டும் முதலில் கேள். ஆகஸ்டில் கட்டாயம் வா, அந்தப் புது உடுப்பையும் கொண்டு வா. விமான நிலையத்துக்கு நான் ஜீப்னியைக் கொண்டுவருகிறேன். உள்ளே வந்து உன்னைக் கட்டிப்பிடிப்பது அவள்தான், எனக்கு இறங்கி வருகிற முகமில்லை. என்னை அடிக்கவேண்டும் என்றால் பின்பக்கம் ஏறாதே, முன்னால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அடி. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறவன் எங்கேயும் ஓடமுடியாது.