சக்தி மச்சானின் சுண்டுவிரல்

காய்ச்சல் வந்தால் நிம்மதியாகப் படுத்து முனகக்கூட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. இது நேற்றைய மனத்தாங்கல் இல்லை, பதினான்கு வருஷத்துப் புழுக்கம். போர்வையை இழுத்துத் தலையை மூடிய மறு நிமிஷம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும். என் மனைவியின் அண்ணன் உள்ளே வருவார். நெற்றியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் தீர்ப்பைச் சொல்வார்.

"உனக்கு எதிர்ப்பு சக்தி இல்ல மாப்ளே."

இவர் ஒருத்தர் என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். எதிர்ப்பு சக்திக்காரர்கள் என்று ஓர் இனமே இருக்கிறது. உங்கள் தெருவில் இரண்டு பேர், ஆபீசில் மூன்று பேர், சொந்தத்தில் கட்டாயம் ஒருவர். யாராவது தும்மினால் "ஐயோ பாவம்" என்று சொல்லாமல் "பாத்தியா?" என்கிறாரே, அவரேதான். காலையில் பச்சையாக ஒரு தண்ணீர், மதியம் பழுப்பாக ஒரு பொடி, சாயங்காலம் பெயர் தெரியாத ஒரு விதை என்று விழுங்கி, விழுங்கியதை நாலு பேரிடம் சொல்லி, சொன்னதை நாற்பது பேருக்குப் போனில் அனுப்பி, அனுப்பியதைப் படித்தாயா என்று மறுநாள் வீடு தேடி வந்து கேட்பார்கள். சரி, அந்தச் சக்தி உடம்பில் எங்கே இருக்கிறது, என்ன வேலை செய்கிறது? கேட்டுப் பாருங்கள். நெஞ்சைத் தட்டிக் காட்டுவார்கள். அதோடு சரி.

இவர்களுக்கு நோயே வராதா? வரும். ஆனால் வந்தது நோய் இல்லை. மூக்கு ஒழுகினால் தூசி. இருமினால் ஏசி. காய்ச்சலே அடித்தாலும் "வெயில்ல நின்னேன்."

மச்சான் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் சூப்பர்வைசர். நான் அதே தொழிற்சாலையின் கேட்டில் செக்யூரிட்டி. உள்ளே போகிற முந்நூறு பேரின் நடையும் எனக்கு மனப்பாடம். போன மாதம் ஒரு நாள் காலை ஷிப்டுக்கு மச்சான் வந்தார். நடையில் ஏதோ இடித்தது.

"மச்சான், நில்லுங்க. இடது காலு டைமுக்கு வந்துருச்சு, வலது காலு லேட்டா வருது."

"என்னையே நிறுத்துறியா? வழிய விடு."

"ஷூவைக் கழட்டுங்க."

"கேட்டுல நின்னு டாக்டர் வேலையும் பாக்குறியா நீ?"

பின்னால் வரிசை நீண்டது. பேக்கிங் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். மானம் போகிறதே என்று ஸ்டூலில் உட்கார்ந்து கழற்றினார். சாக்ஸை உரித்தபோது ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுண்டுவிரல் கத்தரிக்காய் மாதிரி நின்றது. புறங்காலில் ஒரு சிவப்புக் கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். ஐந்து நாளுக்கு முன் பெட்டி ஆணி ஒன்று விரலில் ஏறியிருக்கிறது. வெளியே சொன்னால் சக்தியின் மரியாதை என்ன ஆவது? மூச்சு விடவில்லை. விரல் சிவந்தது, ஐஸ் வைத்தார். வலித்தது, மாத்திரை போட்டு வலியை வாயடைத்தார். வீங்கியது, துணியால் இறுக்கிக் கட்டி ஷூவுக்குள் திணித்தார். சீழ் வந்தது, காலையும் மாலையும் கதவைச் சாத்திக்கொண்டு பிதுக்கினார்.

ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கட்டுப் போட வந்த நர்ஸ் எங்கள் இரண்டு பேரின் மகள் வயதுதான் இருக்கும். ஆனால் வாய்!

"எதுக்கு சார் இப்படிப் பிதுக்குனீங்க?"

"கெட்ட ரத்தம்மா அது. வெளிய போகட்டும்னு..."

"கெட்ட ரத்தமா? அதுல பாதி உங்க ஆளுங்க சார். உங்களுக்காகச் சண்ட போட்டு செத்தவங்க."

அந்தப் பெண் விரலைத் துடைத்துக்கொண்டே சொல்லிக்கொண்டு போனாள். தோல்தான் மதில் சுவராம். மூக்குச் சளி கிருமியை ஒட்டிப் பிடிக்கிற பசையாம். கண்ணீரிலும் எச்சிலிலும் கிருமியை உடைக்கிற சரக்கு இருக்கிறதாம். எல்லாம் தாண்டி வயிற்றுக்குப் போனால் அங்கே அமிலத் தொட்டி. சுவரில் ஆணி ஓட்டை போட்டு எவனாவது உள்ளே நுழைந்துவிட்டால், அங்கே டூட்டியில் இருக்கிற அணு விசில் அடிக்கும். ரத்தக் குழாய் அகலும், தண்ணீர் கசியும், வெள்ளை அணுக்கள் கூட்டமாக இறங்கும். அதுதான் சிவப்பு, அதுதான் சூடு, அதுதான் வீக்கம்.

"பேரு கேக்க மாட்டாங்க, ஊரு கேக்க மாட்டாங்க. நம்ம ஆளு இல்லைன்னு தெரிஞ்சா முழுங்கிடுவாங்க. பிறந்ததுல இருந்து இருக்கிற படை சார் இது, எந்த டப்பாவுலயும் விக்கிறதில்ல. வலி எதுக்கு? அந்தக் காலை வச்சு நடக்காதேன்னு சொல்றதுக்கு. அதை அமுக்கிட்டு நீங்க நடந்தீங்க. கோடு ஏறுதுன்னா அவங்களால மட்டும் முடியலன்னு அர்த்தம். அன்னிக்கே வந்திருந்தா ஊசியோட போயிருக்கும்."

யோசித்துப் பாருங்கள். ஆயுசு முழுக்க சக்தி, சக்தி என்று தொண்டை வறளக் கூவிய மனுஷர். அந்தச் சக்தி ஒரு நாள் சொந்தக் காலிலேயே வந்து, சிவந்து, வீங்கி, "நான்தான் வந்திருக்கேன்" என்று நின்றது. ஐஸ் வைத்து விரட்டிவிட்டார்!

சிரிக்க நினைத்தேன். அதற்குள் டாக்டர் வந்தார். விரலுக்கு ரத்தம் சரியாகப் போகவில்லை, மருந்து ஏறுகிறது, இரண்டு நாள் பார்ப்போம், விரல் கறுத்துச் சில்லிட்டால் எடுத்துவிட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். மச்சான் எச்சிலை விழுங்கினார். பதினான்கு வருஷத்தில் அவர் எதையும் சொல்லாமல் விழுங்கி நான் பார்த்தது அன்றுதான்.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். சக்தி ஏற்ற நாலு டப்பா இருக்கும். பக்கத்திலேயே, அந்தச் சக்தி வேலையை ஆரம்பித்த நிமிஷம் அதன் வாயைப் பொத்த எட்டு மாத்திரை இருக்கும். ஒரு கொப்புளம் எழும்பினால் கை சும்மா இருக்கிறதா? பிதுக்கப் போகிறதா இல்லையா? கண்ணாடி முன்னால் நின்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். மச்சான்கள் ஆகாயத்திலிருந்து குதிப்பதில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் பார்வையாளர் நேரத்தில் போனேன். மச்சான் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். கட்டுக்கு வெளியே விரல் நுனி மட்டும் தெரியும் என்றார், தான் இன்னும் பார்க்கவில்லையாம். நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பும் வரை காத்திருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"மாப்ளே, போர்வைய விலக்கி அந்த விரலைக் கொஞ்சம் தொட்டுப் பாரேன். சூடு இருக்கான்னு மட்டும் சொல்லு. மெதுவா சொல்லு, அந்தப் பொண்ணு காதுல விழுந்துடப் போகுது."