இரண்டும் இடது கால்

படம் வரைந்து பிழைக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதிரில் இருக்கும் பொருளை அணு அணுவாகப் பார்ப்பார்கள்; அது எதற்கான பொருள் என்பதை மட்டும் மறந்துவிடுவார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில், ஆம்பூரில், என் முதல் வேலையில் எனக்கு அந்த வியாதி முற்றிய நிலையில் இருந்தது.

இப்போது கிராபிக் டிசைனர் என்கிறார்கள். அன்று அச்சகத்தில் எனக்கு 'லேபிள் போடுற பொண்ணு' என்று பெயர். அச்சக முதலாளி கோதண்டம் சார் என்னை ஒரு மாதம் பார்ப்போம் என்று சேர்த்திருந்தார். குடியாத்தத்தில் தறி வைத்திருந்த என் அப்பாவும் அதே ஒரு மாதம்தான் கெடு கொடுத்திருந்தார். வேலை நிலைக்காவிட்டால் ஆசிரியப் பயிற்சிக்கான பாரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பாரத்தை வாங்கி, என் பெயரைக்கூட அவரே எழுதி, பீரோவில் வைத்திருந்தார். எனக்கோ சின்னப் பிள்ளைகள் என்றால் பயம். (இன்றைக்கும்தான்.)

மாதக் கடைசியில் ரஹமத் பாயின் ஷூ கம்பெனியிலிருந்து பெரிய வேலை வந்தது. வெளிநாட்டுக்குப் போகும் ஷூ டப்பாக்களுக்கு மூடி. அதில் ஒரு ஜோடி ஷூவின் படம். "பாய்க்கு இது பிடிச்சா நீ இங்கயே இருக்கலாம்" என்றார் கோதண்டம் சார்.

வரைவதற்கு பாய் ஒரே ஒரு ஷூவை அனுப்பினார். ஆம்பூரில் சாம்பிள் என்றால் இடது கால் மட்டும்தான். ஜோடியாக அனுப்பினால் அது யாராவது ஒருவர் காலோடு வீட்டுக்குப் போய்விடும் என்பது அனுபவப் பாடம். அந்த ஊரில் பால் குடிக்கும் குழந்தைக்கும் இது தெரியும். நான் குடியாத்தத்துக்காரி. எங்கள் ஊர் கைலிக்கு இடது வலது கிடையாது.

முதல் நாள் ஷூவைப் பக்கவாட்டில் வைத்து வரைந்தேன். மறுநாள் அதையே கொஞ்சம் திருப்பி வைத்து, பின்னால் நிற்கும் இன்னொன்றாக வரைந்தேன். ஒவ்வொரு தையலையும் எண்ணி எண்ணிப் போட்டேன். கோதண்டம் சார் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, நிழல் நன்றாக விழுந்திருக்கிறது என்றார். அச்சகத்தில் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வெறுங்காலோடு வேலை பார்த்தவர்கள் நாங்கள். பாய் தோல் வாங்க மெட்ராஸ் போயிருந்தார். கப்பலுக்கு நாள் நெருங்கிவிட்டதால் அவருக்குக் காட்டாமலே ஐயாயிரம் மூடியும் அச்சாகிவிட்டது.

மூடிகளைக் கொண்டுபோன வண்டியில் நானும் ஏறிக்கொண்டேன். பாராட்டை நேரில் வாங்க வேண்டாமா? அதற்காகவே அம்மாவின் பட்டுப் புடவையைக் கட்டியிருந்தேன். பேக்கிங் கூடத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஷூக்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். பாய் ஒரு மூடியை எடுத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். என் ஓவியத்தில் மனிதர் சொக்கிப் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

"இன்னாம்மா, ரெண்டும் லெப்ட்டா இருக்குதே?" என்றார்.

அங்கேயே வாயை மூடிக்கொண்டிருக்கலாம். நான் படித்தவள் இல்லையா? பார்க்கும் கோணம் மாறினால் உருவம் அப்படித்தான் தெரியும் என்று, கையை ஆட்டி ஆட்டி, ஒரு வகுப்பே எடுத்தேன். முப்பது வருடமாக ஷூ செய்கிறவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

பேக்கிங் சூப்பர்வைசராக சேகர் என்று ஒருவர் இருந்தார். அவர் அலமாரியிலிருந்து சாம்பிள் ஷூ இரண்டை எடுத்தார், இரண்டையும் மாட்டிக்கொண்டார், கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார். வலது கால் போக வேண்டிய பக்கம் போகாமல் சுவர்ப் பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. மூன்றாவது தூணருகே அட்டைப்பெட்டிகளின் மேல் சாய்ந்துவிட்டார். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குனிந்து என் இரண்டு கால்களையும் பார்த்தேன். இருபத்தோரு வருடமாக என்னோடு இருக்கிற கால்கள். பீரோவில் இருக்கும் பாரம் கண்ணுக்குள் வந்து நின்றது. அத்தனை பேர் முன்னால் பட்டுப் புடவையோடு நின்று அழுதேன்.

"அழுதா கால் மாறிடுமா? பேஜார் பண்ணாம வழி சொல்லும்மா" என்றார் பாய்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டே வழி சொன்னேன். பின்னால் நிற்கும் ஷூ முழுவதும் மறையும்படி பெரிய தங்கநிற வட்டம் ஒன்று ஒட்டுவது. வட்டத்துக்குள் அசல் தோல் என்று ஆங்கிலத்தில் போடுவது. கோதண்டம் சார் தலையில் அடித்துக்கொண்டு வட்டங்களை அச்சடித்துக் கொடுத்தார். ஒட்டுகிற வேலை என்னுடையது. மூன்று நாள் அந்தப் பெண்களோடு தரையில் உட்கார்ந்து பசை தடவினேன். யாராவது ஒட்டி முடித்த மூடியைக் கேட்டால், "எந்தக் காலு, லெப்ட்டா?" என்று பதில் வரும். மூன்றாம் நாள் நானும் சேர்ந்து சிரித்தேன்.

கப்பல் போய்விட்டது. அடுத்த ஆர்டரில் ஒழுங்காக வலது காலும் இடது காலும் வரைந்து அனுப்பினோம். அந்தத் தங்க வட்டம் எங்கே, அதுதான் வேண்டும் என்று வெளிநாட்டுக்காரன் எழுதிவிட்டான். பாய் சொன்னதன்பேரில் வேலை நிலைத்தது. கோதண்டம் சார் ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்: ஒரு வலது காலைப் பெரிதாக வரைந்து என் மேசைக்கு நேரே மாட்ட வேண்டும். அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டேதான் பதினாறு வருடம் அங்கே வேலை செய்தேன். அப்பா பாரத்தைக் கிழித்துப் பாவு நூல் சுற்றும் கட்டை ஆடாமலிருக்க அண்டை கொடுத்தார்.

மறு வருடம் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை, இரண்டு இடது ஷூவில் நடந்து காட்டிய அதே சேகர். (அன்று சிரிக்காத ஒரே ஆள் அவர்தான், அதை நான் கவனித்து வைத்திருந்தேன்.) அவர் வீட்டு வாசலில் ஆரத்தி சுற்றி முடித்து, வலது காலை எடுத்து வைத்து வரச்சொன்னார் மாமியார்.

"எதுன்னு காட்டும்மா. அவளுக்கு சாம்பிள் வேணும்" என்று என் காதிலும் விழும்படி தன் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார் பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை.

சிரிப்பை அடக்கினேன். இந்தக் காலா, அந்தக் காலா என்று ஒரு கணம் நிஜமாகவே குழம்பினேன். பிறகு, உறவு சனம் அத்தனையும் பார்த்துக்கொண்டிருக்க, தெளிவாக இடது காலை எடுத்து உள்ளே வைத்தேன். மாமியார் என்னை மறுபடி படிக்கு வெளியே அனுப்பி, குனிந்து என் வலது காலைத் தொட்டுக் காட்டி அழைத்துக்கொண்டார்.

போன தை மாதம் என் மகனுக்குக் கல்யாணம் நடந்தது. மருமகளை அழைக்க ஆரத்தித் தட்டோடு வாசலுக்குப் போனேன். தட்டு என் கையில்தான் இருந்தது. ஆனால் வலது காலை எடுத்து வைத்து வாம்மா என்று சொல்லும் பொறுப்பை மட்டும், வீட்டார் எல்லோரும் ஏற்கெனவே கூடிப் பேசி, என் நாத்தனாரிடம் கொடுத்திருந்தார்கள்.