சூரியன் கடித்த வேட்டி

கூச்சப்படுகிறவர்களை நம்பலாம். அவர்கள் எழுதும் கடிதங்களைத்தான் நம்பக்கூடாது. நேரில் நாலு வார்த்தை பேச நாக்கு வராத என்னைப் போன்றவர்கள் கையில் பேனா கிடைத்தால் அளந்து தள்ளிவிடுவோம். எதிரே முகம் இருக்காதல்லவா!

நான் ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவள். பத்தொன்பது வயதில் கல்யாணமாகி மலாக்காவுக்கு வந்தேன். என் வீட்டுக்காரருக்கு பஸ் பட்டறையில் ஃபிட்டர் வேலை. கம்பெனி கழித்துப் போட்ட ஒரு பழைய பஸ்ஸை வாங்கி, இருக்கைகளைக் கழற்றி, கட்டில் பலகை போட்டு, ஜன்னலுக்கெல்லாம் பூப்போட்ட திரை மாட்டி, அதையே வீடாக்கி வைத்திருந்தார். ஊருக்குள் காஜா பேராங் என்ற இடத்தில், ஒரு ரம்புத்தான் மரத்தின் பக்கத்தில் அது நின்றது. எஞ்சின்கூட ஓடும் (மனம் வைத்தால்). மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த புதிது. "நாடு நம்மளுது ஆயிருச்சி லெச்சுமி, வீட்டோடவே போயி சுத்திப் பாக்க வேணாமா?" என்பார்.

பஸ்ஸின் கூரைமேல் கறுப்புச் சாயம் அடித்த ஒரு தகர டிரம் படுத்திருக்கும். காலையில் அதில் தண்ணீர் ஊற்றினால், மதியம் ரப்பர் குழாய் வழியாக வெந்நீர் கொட்டும். முதல் நாள் குளித்தபோது அழுதேவிட்டேன். விறகு இல்லை, ஊதுகுழல் இல்லை. வானத்தில் இருக்கிற சாமி, காஜா பேராங்கில் உள்ள ஒருத்திக்கு வெந்நீர் வைத்துக் கொடுக்கிறார்!

அதைவிடப் பெரிய அதிசயம் கூடை. பஸ் முகப்பு விளக்குக்குள் ஒரு வெள்ளிக் கிண்ணம் இருக்குமே, அதை வெயிலில் காட்டி, நடுவில் சுருட்டை நீட்டிப் பற்றவைப்பார் என் வீட்டுக்காரர். அந்த வித்தையைப் பெரிதாக்கி, அகன்ற மூங்கில் கூடையின் உட்புறமெல்லாம் உடைந்த கண்ணாடித் துண்டுகளை ஒட்டினார். கூடையைச் சாய்த்துச் சூரியனுக்குக் காட்டினால், முன்னால் ஓரிடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெளிச்சப் பொட்டு விழும். அங்கே கரிபிடித்த சட்டியை வைத்தால் அரைமணி நேரத்தில் முட்டை வெந்துவிடும்.

இதையெல்லாம் பார்த்த பிறகு பேனா சும்மா இருக்குமா? ஜாசின் பக்கம் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்துக்கொண்டிருந்த அப்பாவுக்கு எழுதினேன்: 'எங்கள் வீட்டில் அடுப்பே இல்லை. சூரிய பகவானே சமைத்துத் தருகிறார். தலைப்பொங்கலுக்கு வாருங்கள், வெயிலிலேயே பொங்கிக் காட்டுகிறேன்.'

நான் பெருமையாக எழுதியதை அப்பா வேறுமாதிரி படித்துவிட்டார். மகளுக்கு வீடு இல்லை, பஸ். சரி, போகட்டும். அடுப்புகூடவா இல்லை?

பொங்கலன்று காலை எட்டு மணிக்கு அப்பா வந்தார். கூடவே தோட்டத்திலிருந்து நாலு ஆண்கள், கரும்புக்கட்டு, மஞ்சள் கொத்து, புதுப் பித்தளைப் பானை, மாப்பிள்ளைக்கு எட்டுமுழ வேட்டி. அப்பாவின் தோளில் ஒரு மண் அடுப்பு. அதைப் பொத்தென்று இறக்கி வைத்தார்.

"எங்க மாப்பிள்ள?"

"பட்டறைக்கு... ஒரு பஸ்ஸு நின்னுபோச்சாம்... மத்தியானம் வந்துருவாங்க" என்றேன் தரையைப் பார்த்து.

அப்பா பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். டயரை மிதித்துப் பார்த்தார். பிறகு நாலு பேரும் கேட்கும்படி சொன்னார்: "இந்தா பாரு லெச்சுமி. காயிதத்துல எழுதுன மாரி பால் பொங்குச்சின்னா நீ இங்க இரு. பொங்கலன்னா துணிமணிய கட்டு. சாயங்கால பஸ்ஸுல நம்ம போறோம். மாப்பிள்ள ஒழுங்கா ஒரு வூடு பாத்துட்டு வந்து கூப்புடட்டும்."

அப்பா சொன்னால் சொன்னதுதான்.

வீட்டுக்காரர் போகும்போது இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். ஒன்று, பானைக்கு வெளியே கரி பூசு. இரண்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கூடையைச் சூரியன் பக்கம் திருப்பு. 'மறந்துடாத' என்று மூன்று தடவை சொன்னார்.

முதல் விஷயத்தில் நான் செய்ததைக் கேளுங்கள். தலைப்பொங்கல் பானையில் யாராவது கரி பூசுவார்களா? புளியும் சாம்பலும் போட்டு அரைமணி நேரம் தேய்த்தேன். முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம், அப்படி ஒரு பளபளப்பு. (சூரியனும் அதில் முகம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும் என்று எனக்கு எப்படித் தெரியும்?)

கீழே மரநிழல் விழுவதால் பஸ்ஸின் கூரைமேல்தான் பொங்கல். ஏணி வைத்து ஏறி, பானையில் பால் ஊற்றி, மஞ்சள் கொத்து கட்டி, இரும்பு முக்காலிமேல் வைத்தேன். பானையின் காலடியில் முறத்தில் கரும்பும், நாலு மூலையிலும் நடுவிலும் மஞ்சள் தடவி மடித்த புது வேட்டியும். கூடையைத் திருப்பிப் பொட்டைப் பானைமேல் விழவைத்துவிட்டு இறங்கினேன்.

இறங்கியதுதான் தப்பு. அதற்குள் அப்பாவும் மற்ற நாலு பேரும் ஏணிக்கு நேர் எதிரே பெஞ்சு போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஐந்து ஆண்களுக்கு முன்னால், பட்டுச்சேலையோடு, புதுப்பெண் ஏணியில் ஏறுவதா? பத்து நிமிடம் போனது. 'அவர்கள் அந்தப் பக்கம் திரும்பட்டும்' என்று காத்திருந்தேன். இருபது நிமிடம் போனது. காப்பி கலந்து கொடுத்தேன். வெற்றிலை கொடுத்தேன். அவர்கள் திரும்பவே இல்லை. கண்கொட்டாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னாம்மா, சாமி சமைக்கிறாரா?" என்றார் ஒருவர்.

"சாமிக்கும் இன்னிக்கி லீவு போல" என்றார் இன்னொருவர். அப்பா சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சூரியன் மேலே ஏறினால் வெளிச்சப் பொட்டு கீழே இறங்கும். அது பானையை விட்டு இறங்கி, முக்காலியின் கால்வழியே இறங்கி, முறத்துக்கு வந்து, மாப்பிள்ளை வேட்டியின் நடுவில், நான் மஞ்சள் தடவிய இடத்தில் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டது.

கூரையிலிருந்து நூலாகப் புகை எழுந்தது.

"பாத்தியா, பொங்கப் போவுது!" என்று ஒருவர் எழுந்தே விட்டார். எனக்குத்தான் தெரியும், இந்த அடுப்பில் புகையே வராது என்று.

அந்த நேரம் பக்கத்து வீட்டு மீனாட்சி மக் சிக் (மலாயில் அத்தை மாதிரி) வெளியே வந்தார். மலாக்காச் செட்டிக் குடும்பம். நெற்றியில் திருநீறு, வாயில் மலாய். அவர் வீட்டு வாசலிலும் அன்று பொங்கல்தான். கரண்டியைக் கூரைப் பக்கம் நீட்டி, "அடோய்! ஆப்பி! ஆப்பி!" என்று கத்தினார். ஆப்பி என்றால் நெருப்பு. காஜா பேராங் முழுக்கக் கேட்டிருக்கும்.

நான் எப்படி ஏறினேன் என்று இன்றுவரை தெரியாது. சேலையை எங்கே சொருகினேன், யார் பார்த்தார்கள், ஒன்றும் நினைவில்லை. மேலே போனதும் டிரம்மின் ரப்பர் குழாயைப் பிடித்து வேட்டிமேல் திருப்பினேன். திருப்பிய வேகத்தில் குழாய் கையைவிட்டுத் துள்ளி, ஏணியில் பாதி ஏறியிருந்த அப்பாவின் தலையில் கொட்டியது.

"ஐயோ! சுடுது! யாரு இங்க தண்ணி காய வச்சது?" என்று அலறினார் அப்பா.

"சூரியன்ப்பா!" என்றேன். வாழ்க்கையில் நான் அவரிடம் முதல்முதலாகச் சத்தமாகச் சொன்ன வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

அப்பா சொட்டச் சொட்ட மேலே வந்தார். டிரம்மைத் தொட்டுக் கையை இழுத்துக்கொண்டார். பிறகு முறத்திலிருந்த வேட்டியை எடுத்துப் பிரித்தார். எட்டு மடிப்பு. ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு வட்ட ஓட்டை, சுற்றிலும் பழுப்புக் கரை. அளந்து வெட்டியது போல வரிசையாக எட்டு ஓட்டைகள். ஒரு ஓட்டை வழியாக வானத்தை அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"தீக்குச்சி வச்சியா?"

"இல்லப்பா."

"நெசமா?"

கூடையைத் திருப்பிப் பொட்டை ஒரு காய்ந்த ரம்புத்தான் இலையில் விழவைத்தேன். எண்ணி ஐந்துக்குள் புகைந்தது. அப்பா நனைந்த தலையோடு அப்படியே கூரையில் உட்கார்ந்துவிட்டார்.

பட்டறையிலிருந்து வந்த வீட்டுக்காரர் பார்த்த காட்சி இதுதான். அவர் வேட்டியைப் பார்க்கவில்லை, பானையைத்தான் பார்த்தார். "பளபளன்னு தேச்சி வச்சா வெயில திருப்பி அனுப்பிரும் மாமா. கரி பூசச் சொன்னேன்."

நான் தலை குனிந்தேன். எல்லாம் முடிந்தது, துணிமணி கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். அப்பா கீழே எட்டிப் பார்த்து, "யக்கா, ஒங்க அடுப்புக் கரி கொஞ்சம் குடுங்க!" என்றார். மக் சிக்குக்குத் தமிழ் புரியாது. ஆனால் முகத்தில் கை வைத்துத் தேய்த்துக் காட்டினால் யாருக்குத்தான் புரியாது? அப்பாவே தன் கையால் தலைப்பொங்கல் பானைக்குக் கரி பூசினார்.

அதன்பிறகு கூரையைவிட்டு அவர் இறங்கவில்லை. வெயில் தாங்காமல் குடை பிடித்தார்.

"மாமா, கொடய மடக்குங்க. அடுப்பு மேல நெழல் விழுது."

மடக்கினார். வெற்றுத் தலையோடு, கூடையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே இருந்தார். நல்ல நேரமெல்லாம் போய்விட்டது. கீழே நாலு பேரும் மக் சிக் கொடுத்த பொங்கலைத் தின்றுவிட்டு பெஞ்சிலேயே தூங்கிவிட்டார்கள்.

இரண்டு மணி தாண்டியிருக்கும். தீ இல்லை. விறகு வெடிக்கும் சத்தம் இல்லை. பானைக்குள் ஒரு மூச்சு மட்டும் கேட்டது. பிறகு நுரை மெல்ல எழும்பி, விளிம்பில் ஒரு நொடி நின்று, கரி பூசிய பானையின்மேல் வெள்ளைக் கோடாக வழிந்தது. 'பொங்கலோ பொங்கல்' என்று கத்த வேண்டும் என்பதுகூட எங்களுக்கு மறந்துபோயிற்று. அப்பா சூரியனைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டு, யாரிடமோ சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்: "இவரு வெயிலுக்குப் பயந்துதான் இருவது வருசமா விடியமுன்ன மரத்துக்கு ஓடுறேன். இவரு இம்புட்டு வேல செய்வாருன்னு தெரியாமப் போச்சே."

அதற்குமேல் போட்ட அரிசி பாதிதான் வெந்திருந்தது. அப்பா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். சாயங்கால பஸ்ஸில் அந்த நாலு பேரோடு மட்டும்தான் ஏறினார். மண் அடுப்பை மட்டும் விட்டுப்போனார். "மழ நாளைக்கு ஆவும்."

இப்போது புக்கிட் காதில் என்ற பகுதியில் எங்களுக்குச் செங்கல் வீடு. என் வீட்டுக்காரர் ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்த வேட்டியைத்தான் கட்டுகிறார். பிள்ளைகள் ஓட்டை வழியாக விரலை விட்டுத் தொடையில் கிள்ளுவார்கள்.

என் கூச்சம் மட்டும் போகவில்லை. விருந்தாளி வந்தால் இன்னமும் சமையற்கட்டுக் கதவுக்குப் பின்னால்தான் நிற்பேன். போன மாதம் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் 'அம்மா என்ன சொல்றாங்க?' என்று கேட்க, நான் கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். கூடத்தில் காப்பித் தட்டோடு நின்ற மகள் தலை குனிந்தபடியே, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"அம்மா, வேட்டி கருகுது!"

சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு வெளியே வந்தேன்.