அத்தையின் கொண்டைக்குள் இரண்டு கைகள்

வருங்கால மாமியாருக்கு எண்ணெய் தேய்த்துவிட வேண்டும் என்று எந்தச் சாஸ்திரத்திலும் சொல்லவில்லை. நானாகப் போய்த் தேய்த்தேன். நல்ல பேர் வாங்கும் ஆசை இருக்கிறதே, அது வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வதற்குச் சமம்.

நிச்சயம் முடிந்து கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருந்தது. மாப்பிள்ளை முருகேசன் சுரண்டைக்காரர், போலீஸ். எங்களுக்கு இலத்தூர். எனக்கு அவரை ரொம்பவே பிடித்திருந்தது. (கேட்டவர்களிடம் "வீட்டுல பாத்துச் செஞ்சா சரி" என்று தரையைப் பார்த்துச் சொன்னவளும் நான்தான்.) குற்றாலத்தில் சாரல் விழுந்ததும் அவருக்கு அருவியில் பந்தோபஸ்து டியூட்டி போட்டார்கள். அதையே சாக்காக வைத்து இரண்டு குடும்பமும் குளிக்கப் போனோம். தோப்புக்குள் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள்.

அப்போது என் விரலில் ஒரு வெள்ளி மோதிரம் கிடந்தது. அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் என் அக்கா பொன்மணி நிச்சயத்துக்குக் கொண்டுவந்தது. இரண்டு கைகள் ஒரு இதயத்தை ஏந்தியிருக்கும், இதயத்தின் மேல் ஒரு கிரீடம். கை நட்புக்கு, இதயம் அன்புக்கு, கிரீடம் விசுவாசத்துக்கு. வளையத்தைச் சுற்றிலும் நம் சிக்குக் கோலம் மாதிரி தொடக்கமும் முடிவும் இல்லாத முடிச்சு.

அங்கே ஒரு மீனவர் ஊரில் பிறந்த மோதிரமாம் அது. கல்யாணத்துக்கு முன்னால் கடலுக்குப் போனவனைக் கொள்ளையர்கள் பிடித்து அடிமையாக விற்றுவிட்டார்கள். வாங்கிய ஆள் ஒரு நகை ஆசாரி. அவரிடமே தொழில் படித்து, பல வருஷம் கழித்து ஊர் திரும்பினால், அந்தப் பெண் இன்னும் காத்திருக்கிறாள். அவளுக்காக அவன் செய்ததுதான் இது என்று கதை. "கத நெசமோ பொய்யோ, அங்கன எல்லாரும் இதத்தான் சொல்லுதாங்க" என்றாள் அக்கா.

போடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. இதயத்தின் கூர் நகத்தைப் பார்த்திருந்தால், 'என் மனசு இன்னும் யாருக்கும் போகவில்லை, விருப்பமுள்ளவர்கள் கேட்கலாம்' என்று அர்த்தம். மணிக்கட்டைப் பார்த்திருந்தால், கொடுத்தாயிற்று. நிச்சயத்தன்றே நான் கூர் முனையை உள்ளே திருப்பிக்கொண்டேன். (நம்மூரில் யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியம்தான்.)

அன்றைக்கு எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் கொடுத்தவள் என் அம்மா. "நல்லாத் தேயி. சம்பந்தி மனசு குளிரணும்." தேய்த்தேன். அத்தைக்கு முழங்காலைத் தொடும் முடி. புருஷன் இல்லாமல் ஒற்றை மகனை ஆளாக்கியவர். அதிகம் சிரிக்கமாட்டார், யாரையும் எளிதில் நம்பவும் மாட்டார். எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்கு வராதீர்கள் என்று அங்கே போர்டே வைத்திருக்கிறார்கள். படித்தவள் நான், படித்தும் போனேன்.

அருவியில் கூட்டம். மேலே பாறை தெரியவில்லை, மலையும் தெரியவில்லை. வெள்ளையாக மூடியிருந்த மேகத்துக்குள்ளிருந்து தண்ணீர் மட்டும் இடிந்து விழுந்தது. அத்தை தடுமாற, அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அந்த இரைச்சலுக்குள் என் விரலை யாரோ நிதானமாகத் தொட்டு, மோதிரத்தை உருவினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், உருவினார்கள். திரும்பிப் பார்த்தால் கண் தெரியவில்லை. வெளியே வந்து கையைப் பார்த்தேன். மோதிரம் இல்லை.

கல்யாணத்துக்கு முன் மோதிரம் தொலைந்தது என்றால் அபசகுனம் என்பார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும்தான் ஆரம்பித்தது. நடுப்பகல். ஆனால் மழை இருட்டு. கரண்டு இல்லை. சன்னல் வழியாக மூடுபனி உள்ளே வந்து ஆளுக்கு ஆள் நடுவில் நின்றது. மதில்மேல் வரிசையாகக் குரங்குகள். வழக்கமாக அட்டகாசம் பண்ணும் ஜென்மங்கள், அன்று ஒன்றுகூட அசையாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன.

ஈரமுடியைக் கொண்டை போட்டுச் சுவரில் சாய்ந்திருந்த அத்தை திடீரென்று சொன்னார்: "என் தலைய யாரோ புடிச்சிருக்காவ."

"நீர்கோத்திருக்கும் மதினி" என்றாள் அம்மா.

"இல்ல. வெரலு. இந்தா, இங்கன அழுத்துது."

அப்போது சுவருக்குள்ளிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம். அத்தை பயந்து பின்னால் ஒடுங்கினார். மறுபடியும் 'டிக்'.

அத்தையின் தம்பி சுடலைமுத்து மாமா எழுந்துபோய்ச் சுவரில் காதை வைத்தார். செங்கோட்டைக்கு அந்தப்பக்கம் கொஞ்ச காலம் லாரி ஓட்டியவர், அதனால் மலையாள மாந்திரீகம் முழுக்கத் தெரியும் என்று சொல்லிக்கொள்பவர். "உள்ள ஆளு இருக்கு" என்றார். மோதிரத்தை உருவிய கை எங்கள் பின்னாலேயே வீடுவரை வந்துவிட்டது என்றே நம்பினேன்.

தாங்கமுடியாமல் அத்தை கொண்டையை அவிழ்த்து உதறினார். தரையில் 'கிணிங்' என்று ஏதோ விழுந்து உருண்டு, மாமாவின் காலடியில் நின்றது.

என் மோதிரம்.

மாமா அதை வேட்டி நுனியால் எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது. "யக்கா, இது செய்வின. கை ரெண்டும் வெட்டுன கை. மணிக்கட்டோட நிக்கி, பாரு. இந்த நெஞ்சு நம்ம முருகேசனுது. நெஞ்சப் பறிச்சவ தலையில கிரீடத்த வச்சு உக்காரப் போறா. சுத்தி முடிச்சு வேற. அவுக்க முடியாத கட்டு!"

(அநியாயம் என்னவென்றால், அந்த நிமிஷம் எனக்கும் அது அப்படித்தான் தெரிந்தது.)

அத்தை மோதிரத்தைவிட்டு விலகி உட்கார்ந்தார். "எனக்கு இருக்கது ஒத்தப் புள்ள. இந்தக் கல்யாணம் வேண்டாம். நிறுத்திருவோம்."

சொன்னாலும் போச்சு, சொல்லாவிட்டாலும் போச்சு. சொல்லிவிட்டுப் போகட்டும் என்று வாயைத் திறந்தேன். "அத்தை, அது எம் மோதிரம்."

"உம் மோதிரம் எந் தலைக்குள்ள எப்படிட்டி வந்துச்சு?"

"எண்ணெய் வழுக்கிக் கொண்டைக்குள்ள போயிருக்கு. செவுத்துல இடிச்சு 'டிக்'குன்னதும் அதுதான்…"

அந்நேரம் பார்த்து டியூட்டி முடிந்து முருகேசன் நனைந்த காக்கியோடு உள்ளே வந்தார். மோதிரத்தைப் பார்த்தார். "ஆமா, இவ மோதிரம்தான். நிச்சயத்தன்னைக்கே பாத்தனே." பெண் முகத்தையே பார்க்காதவர்போல் உட்கார்ந்திருந்த ஆள் விரல் வரைக்கும் பார்த்திருக்கிறார்! நான் சந்தோஷப்படுவதற்குள் மாமா குதித்தார்: "பாத்தியா? வசியம் வேல செஞ்சிட்டு!"

வேறு வழியில்லாமல் அக்காவை வீடியோ காலில் கூப்பிட்டேன். நைட் டியூட்டி முடிந்து வந்தவள், கண்ணெல்லாம் சிவந்து, தலைவிரி கோலமாகத் திரையில் தோன்றினாள். மாமா மூன்றடி பின்னால் போய்விட்டார். கொள்ளைக்காரன், அடிமை, நகை ஆசாரி என்று அவள் சொல்லச் சொல்ல அத்தையின் முகம் இன்னும் இறுகியது. கடைசியில் அலுத்துப்போய் அக்கா சொன்னாள்: "அத்தை, இது கெட்ட சாமான் இல்ல. இங்கன அம்மாட்ட இருந்து மகளுக்கு வழிவழியாப் போற மோதிரம்."

அத்தை ஈரமுடியைக் கையில் சுற்றிக்கொண்டார். பிறகு, "எனக்குத்தான் பொம்பளப் புள்ளையே இல்லையே" என்றார். அதுவரை கேட்காத குரல்.

"அதான் நான் வாரேன்லா" என்று என் வாய் தானாகச் சொன்னது. அழுதும்விட்டேன்.

அத்தை என்னை வெகுநேரம் பார்த்தார். மாமாவிடமிருந்து மோதிரத்தை வாங்கித் தன் விரலில் வைத்துப் பார்த்தார். "தானா எந் தலைக்கு வந்தது. எங்கிட்டயே கெடக்கட்டும். எப்படிப் போடணும்?"

"கெட்டது ஒட்டிருந்தா?" என்றார் மாமா, விடாமல்.

கல்யாணம் அந்த ஒரு பதிலில் தொங்கிக்கொண்டிருந்தது. "கூரு வெளிய, நகத்தப் பாக்காப்ல போடுங்க அத்தை. கெட்டதெல்லாம் வெளிய போயிரும்" என்றேன். திரையில் அக்கா வாயைத் திறந்தாள். நான் போனை அணைத்தேன்.

கல்யாணம் நடந்தது. அத்தையும் மோதிரத்தைக் கழற்றவே இல்லை. கோயில், கல்யாண வீடு, சுரண்டைச் சந்தை என்று எங்கும் கூர் வெளியே பார்த்தபடியே போய்வந்தார்.

போன சாரலுக்கு அக்கா தன்னோடு வேலை பார்க்கும் அயர்லாந்துக்காரி ஒருத்தியைக் கூட்டிவந்தாள். காப்பி கொடுத்த அத்தையின் கையை அவள் பார்த்தாள், கண் விரிந்தது. அக்கா காதில் ஏதோ கேட்டாள். அக்காவுக்குப் புரையேறிவிட்டது.

"என்னட்டி சொல்லுதா?"

"உங்களுக்கு மாப்பிள்ள பாக்காங்களான்னு கேக்கா அத்தை" என்ற அக்கா, மோதிரம் போடும் முறையைப் பூராவும் சொல்லிவிட்டாள். பாவி.

முருகேசன் கூரையைப் பார்த்தார். அன்று சுவருக்குள் சத்தம் கேட்டபோதுகூட எனக்கு அப்படி வியர்க்கவில்லை. அத்தை கையை நீட்டி மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்போ இத்தன வருசமா இதப் போட்டுட்டுச் சந்தைக்குப் போய்ட்டு வாரேன். ஒரு பயகூட கேக்கலியேட்டி!"

இப்போது அத்தை பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாலே, "யம்மா, மோதிரத்தத் திருப்பிப் போட்டுட்டுப் போ" என்கிறார் அவர் மகன். அத்தை இன்னும் திருப்பவில்லை.