சுப்புலக்ஷ்மி அலம்பிய மரத்தூள்

வலியசாலை,
14-2-1983

கனம் சம்பந்தி பகவதீஸ்வரய்யர் அவர்களுக்குத் தாணுவய்யரின் அனேக நமஸ்காரம்.

இவ்விடம் நானும் சுப்புலக்ஷ்மியும் பெண் கோமதியும் சேமம். தங்கள் குமாரர் பிச்சுமணியும் உடம்பளவில் சேமமே. மனசைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

மரத்தூளிலிருந்து சர்க்கரை எடுத்து, அதைப் புளிக்கவைத்து, கார் ஓட்டுகிற சாராயம் காய்ச்சுவதுதான் மாப்பிள்ளையின் ஆராய்ச்சி என்பது தாங்கள் அறிந்ததே. தெருவில் கேட்பவர்களிடம் "பெட்ரோல் மாதிரி ஒண்ணு" என்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன். ரப்பர் மரத்தூளை ஆவியில் வேகவைத்து, பூஞ்சையிலிருந்து எடுத்த என்சைமை அதில் ஊற்றினால் அது மரத்தைச் சர்க்கரையாக்குமாம். ஆனால் அந்த என்சைம் பாதி வேலையில் படுத்துவிடுகிறதாம். வியாழக்கிழமை டில்லி கமிட்டி வருகிறது. சர்க்கரை கூடினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மாதக் கடைசியில் சீட்டுக் கிழியும், கோமதியை அழைத்துக்கொண்டு வடக்கே எங்காவது போய்விடுவார். எங்களுக்கு இருப்பதோ ஒரே பெண்.

சனிக்கிழமை ஆராய்ச்சிக்கூடத்தில் ஸ்டிரைக். கேட்டைப் பூட்டிவிடுவார்களோ என்று, ஒரு மாதமாக வேகவைத்துச் சேர்த்த தூளை இரண்டு வாளியில் வீட்டுக்குக் கொண்டுவந்து, கிணற்றடியில் வைத்து, "ஒருத்தரும் தொடப்படாது" என்று என்னிடம் சொன்னார். அதை நான் சுப்புலக்ஷ்மியிடம் சொன்னேனா இல்லையா என்பதில் இப்போது அபிப்பிராயபேதம். அவளோ மறுநாள் வாளிக்குள் எட்டிப் பார்த்து, "கஷாயமா வடியறதே! வெந்ததுன்னா சாதம் மாதிரி பத்துதானே, பட்ட இடமெல்லாம் தீட்டாச்சே, அலம்பாம விடலாமோ?" என்றாள். "அடியே, அது சாதமில்லை, மரம்!" என்றேன். "எதுவானா என்ன, வெந்துதோ இல்லையோ?" என்று கேட்டுவிட்டு, அரிசி களைவதுபோல் ஏழு தண்ணீர் விட்டு, பழுப்பெல்லாம் போகிறவரை அலசித் தள்ளிவிட்டாள். மாப்பிள்ளை வந்து பார்த்தார். "ஐயோ, ஒரு மாச வேலை போச்சே!" என்று கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அழுக்கைத்தானே எடுத்தேன், தூள் அப்படியே இருக்கே, கேட்டேளா" என்கிறாள் இவள்! ராத்திரி ஒரு வாய் மோர்சாதம் அவருக்குள் இறங்கவில்லை. இன்று ஸ்டிரைக் முடிந்ததும் வாளிகளைத் தூக்கிக்கொண்டு ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய்விட்டார்.

எதையும் அலம்பாமல் இரு என்று முப்பத்திரண்டு வருஷமாகச் சொல்லிவருகிறேன். இந்தப் பாவத்தில் எனக்குப் பங்கில்லை. தாங்கள் முதல் பஸ்ஸிலேயே புறப்பட்டு வந்து பிள்ளைக்கு நாலு வார்த்தை தைரியம் சொல்ல வேண்டும்.

சம்பந்தியம்மாளுக்கு எங்கள் நமஸ்காரம், வீட்டில் சிறியவர்களுக்கு எங்கள் பரிபூரண ஆசி.

இப்படிக்கு,
தாணுவய்யர்

பின்குறிப்பு (வியாழன்): இதைத் தபாலில் சேர்க்க மறந்து சட்டைப்பையிலேயே வைத்திருந்திருக்கிறேன். நல்லதாயிற்று. என்சைமை முடக்கியதே அந்தப் பழுப்புத் தண்ணீர்தானாம். அலம்பிய தூளில் சர்க்கரை இரண்டு பங்கு! வேலையை நிரந்தரமாக்கச் சொல்லிக் கமிட்டியே எழுதிக் கொடுத்துவிட்டது. ஆகவே மேற்கண்ட யாவும் ரத்து. தூளை அலம்பச் சொன்னதே நான்தான். ரிப்போர்ட்டில் யாருக்கு நன்றி சொல்வது என்று மாப்பிள்ளை கேட்டார், என் பெயரைக் கொடுத்திருக்கிறேன். தாங்கள் வரும்போது சுப்புலக்ஷ்மி எதிரில் மட்டும் இந்தப் பேச்சை எடுக்க வேண்டாம்.